கல்யாண ஸ்டுடியோவுக்கு ஒரு டிஸ்க் டப்பா: தை முதல் ஆடி வரை

போன தை மாதம் ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம், ஸ்டுடியோ அண்ணன் ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் இருக்கும் என் கடைக்கு வந்தார். டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும் சாட்டா சொருகியின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து போயிருந்தது. அதன் ஏழு முனைகளும் பிடிமானம் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் வளைந்து நின்றன. உள்ளே இரண்டு வீட்டுக் கல்யாணம். வேறு நகல் கிடையாது.

பழைய கேபிள் ஒன்றை வெட்டி, அந்த முனைகளில் ஒவ்வொன்றாக நேரடியாகப் பற்றவைத்தேன். டிஸ்க் தெரிந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட்டோம். நகல் முடியும்போது விடிந்துவிட்டது. டீ குடிக்கும்போதுதான் அண்ணன் கேட்டார்: "தம்பி, முன்னாடி ஃபிளாப்பி போட்டு எடுத்தோமே, யார் போட்டாலும் உடையாது, தப்பாப் போட்டா உள்ளயே போகாது. இதுக்கு அந்த மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?"

ஏழு மாத வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

அவருக்கு இது ஏன் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4கே கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, மூன்று மணி நேரம் என்றால் 405 ஜிபி. மண்டபத்தில் முதல் நாள் ரிசப்ஷனும் சேர்ந்தால் இரட்டிப்பு. இதை எஸ்எஸ்டியில் சேர்த்து வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள்தான். எடிட்டிங் மேசை, ஆல்பம் மேசை, அண்ணன் வீட்டு அலமாரி என்று அவை தினமும் நடந்துகொண்டே இருக்கின்றன. கடையில் வாங்கிய ரேக் ஒன்றும் அவரிடம் இருந்தது. உறை எதுவும் இல்லாமல் டிஸ்க்கை நேராக உள்ளே தள்ளும் வகை. வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தேய்வது டிஸ்க்கின் சொந்தச் சொருகி. நாக்கு உடைந்ததும் அந்த ரேக்கில்தான், கொஞ்சம் சாய்த்துத் தள்ளியபோது.

சாட்டா தரத்தில் சாதாரண கேபிள் சொருகிக்கு வைத்திருக்கும் கணக்கு, 50 தடவை மாட்டிக் கழற்றுவது. சர்வர்களில், கேபிள் இல்லாமல் டிஸ்க்கைப் பலகையில் நேராகச் சொருகும் பேக்பிளேன் வகைக்கு 500 தடவை. போனில் இருக்கும் யுஎஸ்பி-சி சொருகிக்கு அது 10,000. ஸ்டுடியோவில் சீசன் நாட்களில் நாலு தடவையாவது டிஸ்க் மாற்றுகிறார்கள். 125 நாளில் 500 முடிந்துவிடும். அதைவிட மோசம், ரேக்கின் உள்ளே ஒரு முனை வளைந்துவிட்டால் அடுத்து வரும் எல்லா டிஸ்க்கையும் அது கீறும். ஒரு டிஸ்க்கின் நோய் ரேக்குக்கு ஒட்டி, அங்கிருந்து மற்ற டிஸ்க்குகளுக்குப் பரவுவது மாதிரி.

அதனால் வரைபடம் போடுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்தேன். தேய்மானம் எங்கே விழ வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அது மலிவான, மாற்றக்கூடிய துண்டில்தான் விழ வேண்டும். கல்யாணம் இருக்கும் டிஸ்க்கின் மேல் விழவே கூடாது. டிஸ்க்கை ஒரு டப்பாவுக்குள், அதாவது கார்ட்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, அந்த டப்பாவைக் கம்ப்யூட்டரோடு இணைந்த பெட்டிக்குள் தள்ளுவதுதான் திட்டம்.

இதை யோசிக்கும்போது பழைய இயந்திரங்களைப் பற்றிப் படித்தது ரொம்ப உதவியது. கழற்றி மாட்டும் டிஸ்க் என்ற எண்ணத்துக்கு 60 வயது தாண்டிவிட்டது. ஐபிஎம் 1962இல் கொண்டுவந்த 1311 டிரைவில் 14 அங்குலத் தட்டுகள் ஆறு அடுக்கிய ஒரு பொதி உட்காரும். எடை சுமார் நாலரை கிலோ. கொள்ளளவு 20 லட்சம் எழுத்துகள். அதில் தட்டுகள் மட்டும்தான் வெளியே வரும், படிக்கும் தலைகள் டிரைவிலேயே தங்கிவிடும். அப்படியென்றால் அறையில் இருக்கும் தூசி தட்டோடு சேர்ந்து உள்ளே போகும். 1973இல் வந்த 3340 டிரைவில் அவர்கள் எல்லைக்கோட்டை வேறு இடத்தில் போட்டார்கள். தட்டுகளோடு தலைகளையும் சேர்த்து ஒரே மூடிய கூட்டில் வைத்துவிட்டார்கள். வின்செஸ்டர் என்று பெயர் பெற்றது அதுதான். பிறகு டிடிபி கடைகளில் புழங்கிய சைக்வெஸ்ட் கார்ட்ரிட்ஜ்கள் மறுபடியும் தட்டை மட்டும் உறையில் வைத்து, தலைகளை டிரைவில் விட்டன. தலைக்கும் தட்டுக்கும் நடுவே மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளிதான், தூசி போனால் கீறல்தான்.

இன்றைய ஹார்ட் டிஸ்க் என்பது வின்செஸ்டர் எண்ணத்தின் கடைசி வடிவம். தட்டு, தலை, மோட்டார், சர்க்யூட் எல்லாம் மூடிய கூட்டுக்குள் வந்துவிட்டன. நான் செய்யப்போகும் கார்ட்ரிட்ஜில் வெளியே திறந்து நிற்பது 22 உலோக முனைகள் மட்டுமே, தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 15. தருமபுரி ரோட்டுத் தூசியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் கார்ட்ரிட்ஜை மாசியில் 3டி பிரிண்டரில் எடுத்தேன். 3.5 அங்குல டிஸ்க்கின் அகலம் 101.6 மிமீ, நீளம் 147 மிமீ, உயரம் அதிகபட்சம் 26.1 மிமீ. எந்தக் கம்பெனி டிஸ்க்கானாலும் சொருகி இருக்கும் இடமும் திருகுத் துளைகளும் ஒரே அளவில்தான் வரும். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இந்த வேலையே நடந்திருக்காது. பக்கத்துத் துளைகளுக்கு 6-32 என்ற அங்குல மரை. நம் ஊர் கடைகளில் மெட்ரிக் திருகுதான் கிடைக்கும். எம்3 திருகைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுகளைப் பிரித்துத் திருகு சேர்த்தேன்.

தேய்மானத்துக்கான துண்டு, 22 முனை ஆண்-பெண் இணைப்பி. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மொத்தமாக வாங்கி வந்தேன். இது கார்ட்ரிட்ஜின் பின்சுவரில் திருகி நிற்கும். டிஸ்க்கை அதில் ஒரே ஒரு தடவை மாட்டினால் போதும், பிறகு கழற்றவே தேவையில்லை. தினசரி உரசல் எல்லாம் இணைப்பியின் வெளிப்பக்கத்தில் மட்டும். 400 தடவை ஆனதும் இணைப்பியை மாற்றிவிடலாம்.

தப்பாகப் போட்டால் போகக் கூடாது என்பதற்கு ஃபிளாப்பியையே குருவாக எடுத்துக்கொண்டேன். பார்வைக்குச் சதுரம் போல இருந்தாலும் அது 90க்கு 94 மிமீ. பக்கவாட்டில் திருப்பினால் நுழையாது. தலைகீழாகப் போட்டால் வெட்டிய மூலை தப்பான பக்கம் வந்து பாதியில் நின்றுவிடும். இவ்வளவு எளிமையாகப் பயனாளியைக் காப்பாற்றும் பொருள் வேறொன்றை நான் பார்த்ததில்லை. என் டப்பாவில் இடது பக்கத் தண்டவாளம் அடியிலிருந்து 8 மிமீ உயரத்திலும், வலது பக்கம் 14 மிமீ உயரத்திலும் இருக்கிறது. கவிழ்த்துப் போட்டால் வாயிலேயே தட்டும்.

சரி, முதல் சோதனை. டப்பா உள்ளே போனது, சொருகி சேரவில்லை. பலமாகத் தள்ளினால் சேர்கிறது, ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்டவாளத்தில் அரை மிமீ ஆட்டம் விட்டிருந்தேன். சாட்டா முனைகளுக்கு அரை மிமீ என்பது பெரிய தூரம். ஆட்டத்தைக் குறைத்தால் டப்பா இறுகி, நுழையவே மறுத்தது. இரண்டு வாரம் பிரிண்ட் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

வழி சொன்னது நேதாஜி பைபாஸ் ரோட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். அலுமினியப் பெட்டி மடிக்க அவரிடம்தான் போயிருந்தேன். டப்பாவைக் கையில் வாங்கி இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "தண்டவாளத்தை நம்பி ஏன் சொருகுற? பிரஸ் டைக்கு கைட் பின் வைக்கிறோம்ல, அதை வை. பின் புஷ்ஷுக்குள்ள போனதுக்கு அப்புறம்தான் உன் சொருகி ஒண்ணையொண்ணு பாக்கணும்" என்றார்.

பெட்டியின் பின்சுவரில் கூர் முனை கொண்ட 6 மிமீ எஃகு பின்கள் இரண்டு. கார்ட்ரிட்ஜில் அவை நுழைய கன்மெட்டல் புஷ், அதாவது சின்ன வளையக் குழாய். பின்கள் சொருகியைவிட 12 மிமீ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டவாளம் தாராளமாக இருக்கலாம், கடைசி 12 மிமீ தூரத்தைப் பின்கள் பார்த்துக்கொள்ளும். ஆனால் நான் இரண்டு புஷ்ஷையும் வட்டமாகவே போட்டுவிட்டேன். ஒரு டப்பாவுக்குச் சரியாக வந்தது, அடுத்த டப்பா நடுவழியில் மாட்டிக்கொண்டது. இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் டப்பாவுக்கு டப்பா கொஞ்சம் மாறத்தான் செய்யும். இரண்டுமே வட்டமாக இருந்தால் அந்த வித்தியாசம் போக இடமில்லை. மறுபடி பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒரு புஷ்ஷை வட்டமாகவே விட்டு, இன்னொன்றை அரம் போட்டுப் பக்கவாட்டில் நீள்வட்டமாக்கினார். ஒரு பின் இடத்தைப் பிடிக்கும், மற்றது திரும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு விரலால் தள்ளினாலே போகிறது. பெட்டிப் பக்கத்துச் சொருகிப் பலகையின் திருகுத் துளைகளையும் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து, கால் மிமீ மிதக்க விட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒகேனக்கல்லில் ஒரு அவுட்டோர் ஷூட். அங்கேயே பிரதி எடுக்க அண்ணன் இரண்டு டப்பாவைக் காரில் வைத்து எடுத்துப் போனார். மத்தியானம் வெயிலில் நின்ற காரில் பின் கண்ணாடிக்குக் கீழே இருந்த டப்பா, சாயங்காலம் வாழைப்பழம் போல வளைந்திருந்தது. நான் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்திருந்தேன். அது 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். பூட்டிய கார் வெயிலில் அந்த அளவைத் தொடும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லா டப்பாவையும் பிஇடிஜியில் திரும்ப எடுத்தேன், அது 80 டிகிரி வரை தாங்கும். இரண்டு பக்கமும் 2 மிமீ அலுமினியத் தகடும் சேர்த்தேன். அது விறைப்புக்கும் ஆயிற்று, சூட்டை வெளியே கொண்டுபோகவும் ஆயிற்று. முழுக்க மூடிய முதல் டப்பாவில் நீண்ட நகலின்போது டிஸ்க் 54 டிகிரி காட்டியது. தகடும் பின்னால் ஒரு 80 மிமீ விசிறியும் வந்த பிறகு 43. இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். ஹீலியம் நிரப்பாத டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமனாக ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு, மூடக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். என் லேபிள் நேராக அதன் மேல் உட்கார்ந்திருந்தது. லேபிளை முன்பக்கம் மாற்றிவிட்டேன்.

மின்சாரத்தில் இரண்டு சிக்கல். ஒரு டிஸ்க் எந்தப் பெட்டியிலும் சுற்றவே இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தோம். அது யுஎஸ்பி உறையிலிருந்து பிரித்தெடுத்த டிஸ்க். புதிய சாட்டா தரத்தில் மின் சொருகியின் மூன்றாவது முனைக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே 3.3 வோல்ட் இருந்தால் 'அணைந்திரு' என்று பொருள். பழைய வகை சப்ளை அங்கே எப்போதும் 3.3 வோல்ட் தரும். பெட்டியில் அந்த ஒயரையே எடுத்துவிட்டேன், டிஸ்க் உடனே சுற்றியது. 3.5 அங்குல டிஸ்க்குகளுக்கு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் போதும்.

இரண்டாவது கொஞ்சம் பயமுறுத்தியது. முதல் பெட்டியில் நகல் ஓடும்போது இரண்டாவது பெட்டியில் டப்பாவைத் தள்ளினால், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் கம்ப்யூட்டரிலிருந்து மறைந்துபோனது. தட்டு சுற்றத் தொடங்கும் சில வினாடிகளுக்கு ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான் இரண்டு பெட்டிக்கும் ஒரே மெல்லிய ஒயரைத் தொடராகக் கொடுத்திருந்தேன். அதில் வோல்டேஜ் விழுந்து பக்கத்து டிஸ்க் மயங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் சப்ளையிலிருந்து தனித் தடித்த ஒயர். அத்தோடு, டப்பா உள்ளே போகும்போது முனைகளில் மின்சாரமே இருக்காது. முழுதாக உட்கார்ந்து நெம்புகோல் பூட்டிய பிறகுதான் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் மெதுவாகத் திறந்து மின்சாரம் விடும்.

முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்கும் வேலைக்கு ஜிப் டிஸ்க்கிடம் கடன் வாங்கினேன். 1995இல் விற்பனைக்கு வந்த அந்த 100 எம்பி கார்ட்ரிட்ஜின் மூலையில், ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் சின்ன ஒட்டு ஒன்று இருக்கும். டிரைவ் அதைப் பார்த்த பிறகுதான் தலைகளை நீட்டும். வேறு எதையாவது திணித்தால் தலை வெளியே வராது. அதே பொருள் நம் ஊரில் வண்டிகளுக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர். நாலு ரோட்டில் ஸ்டிக்கர் கடையில் வெட்டி மிச்சம் விழுந்த துண்டுகளே எல்லா டப்பாவுக்கும் போதுமாக இருந்தன. கறுப்பு பிஇடிஜி மேல் ரேடியம் துண்டு, எதிரே ஒரு அகச்சிவப்பு சென்சார். ஒரு மிமீ குறைவாக உட்கார்ந்தாலும் மின்சாரம் வராது.

வெளியே எடுப்பதுதான் உள்ளே போடுவதைவிடக் கடினம். நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பினால், பம்பரம் முரண்டு பிடிப்பது போல அது எதிர்க்கும். அந்த விசை தாங்குதண்டில் போய் விழும். மின்சாரம் போனால் சுற்றும் தட்டின் வேகத்திலிருந்தே சக்தி எடுத்துத் தலைகள் தாமாக ஒதுங்கிக்கொள்ளும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டு நிற்க நேரம் வேண்டும். என்னிடம் இருந்தவற்றில் 8 முதல் 14 வினாடி ஆனது. டெக் நிறுவனத்தின் ஆர்கே05 என்ற பழைய டிரைவில் தட்டு நிற்கும் வரை கதவு பூட்டியே இருக்கும். அதையேதான் செய்தேன். பெட்டியில் ஒரு பொத்தான். அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை, கம்ப்யூட்டரில் ஓடும் சின்ன நிரலிடம் கேட்கும். அது டிஸ்க்கைப் பத்திரமாக விடுவித்துச் சரி என்று சொன்னால் மட்டும் மின்சாரம் நிற்கும். 20 வினாடி கழித்து, மின்காந்தத்தால் நகரும் சொலினாய்டு பூட்டை விடும். நகல் ஓடிக்கொண்டிருந்தால் சிவப்பு விளக்குதான் எரியும். பையன்கள் அவசரத்தில் நெம்புகோலை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்போது பழகிவிட்டார்கள்.

எழுதாமல் தடுக்கும் தாழ்ப்பாளுக்கு எந்தத் திசை என்று ஒரு முழு நாள் யோசித்தேன். 5.25 அங்குல ஃபிளாப்பியில் பக்கத்து வெட்டை ஒட்டி மூடினால் பாதுகாப்பு, ஒட்டு பிய்ந்து விழுந்தால் போச்சு. 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு. தாழ்ப்பாள் உடைந்து விழுந்தாலும் டிஸ்க் பத்திரமான பக்கமே சாயும். இரண்டாவதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. தாழ்ப்பாள் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் நிரல் அந்த டிஸ்க்கை விண்டோஸில் படிக்க மட்டும் என்று மாற்றிவிடும். இது மென்பொருள் வழித் தடைதான், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் செல்லாது. முடித்துக் கொடுத்த கல்யாணங்களின் மேல் தவறுதலாக எழுதாமல் இருக்க இது போதும் என்று அண்ணன் சொன்னார்.

வைகாசியில் முழு வேலைக்கு விட்டோம். முதல் வாரத்தில் ஒரு பெட்டியில் மட்டும் நகல் மெதுவாக இருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண், கம்பியில் வந்த தகவல் பிழைகளின் எண்ணிக்கை. அது நாளுக்கு நாள் ஏறியது. இது ஏறினால் தட்டைச் சந்தேகப்படத் தேவையில்லை, வழியைத்தான் பார்க்க வேண்டும். 80 செமீ கேபிள், நடுவில் கூடுதலாக ஒரு இணைப்பி. சாட்டாவுக்கு ஒரு மீட்டர் வரை அனுமதி உண்டு என்றாலும் கூடுதல் இணைப்பு ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். 40 செமீ கேபிளாக மாற்றினேன். எண் அன்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறது.

இப்போது இரண்டு பெட்டி, பதினாலு டப்பா. ஒவ்வொரு டப்பாவும் எத்தனை தடவை உள்ளே போனது என்று நிரலே எண்ணி வைக்கிறது. அதிகம் உழைத்தது மூன்றாம் எண், 212 தடவை. அதன் இணைப்பியைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். தங்க முலாமில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன. பின்னால் இருக்கும் டிஸ்க்கின் சொருகி புதிதாகவே இருக்கிறது.

ஒன்பதாம் எண் மட்டும் உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்கிறது. நீள்வட்டப் புஷ்ஷைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டிவிட்டேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பெட்டிகள் சும்மாதான் இருக்கின்றன. நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன்.